குடைக்காகத் திரும்பிய படகு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் சௌக்கியம்.

துறைமுகத்தை ஒட்டிய தேசியப் பூங்காவில், தீவு தீவாகக் குப்பை பொறுக்கும் வேலைதான் இன்னும். நேற்று நான் பையைக் கட்டி முடிப்பதற்குள் கடைசிப் படகு போய்விட்டது. டிக்கெட்டை வைத்துத்தான் ஆள் எண்ணுவார்கள். வேலையாட்கள் எங்களுக்கு டிக்கெட் கிடையாது. பயப்படாதீர்கள். மேட்டில், தினமும் நான் துடைக்கும் பெஞ்சில் முதல்முறையாக உட்கார்ந்து கடலைப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் படகு திரும்பி வந்தது. ஓடினேன்.

"நீ இங்கயா இருக்க? நல்லதாப் போச்சு. ஒரு அம்மா குடைய விட்டுட்டாங்க, தேடு" என்றார் படகுக்காரர். தேடிக் கொடுத்த பிறகுதான் ஏற்றினார்.

முதுகுவலித் தைலம் அனுப்புங்கள். படகில் ஹாரன் அடிக்கிறார்கள், ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என் போன் வராவிட்டால், மேஸ்திரிக்குப் போன் போட்டு நான் எங்கே என்று கேளுங்கள்.

உங்கள் மகன்