நஸ்ரின் திறந்த கோட்டைக் கதவு

செவ்வாய்க்கிழமை.

மகள் நஸ்ரினின் வரலாற்று டீச்சர் போன் செய்தார். வகுப்பில் ஒரு பழைய அமெரிக்கப் போரை நாடகமாக ஒத்திகை பார்த்தார்களாம். பூர்வகுடி இனங்கள் பல ஒன்றுசேர்ந்து அமெரிக்கப் படையோடு மோதித் தோற்றுப்போகின்றன. தப்பியவர்கள், துணை நிற்பதாகச் சொல்லியிருந்த ஆங்கிலேயரின் கோட்டைக்கு ஓடுகிறார்கள். கதவு திறக்கவில்லை. கோட்டைத் தளபதியாக நடித்த நஸ்ரின் கதவைத் திறந்து எல்லோரையும் உள்ளே விட்டுவிட்டாளாம். நாளை மேடையில் சரியாகச் செய்யச் சொன்னார் டீச்சர்.

துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் டூட்டி முடிந்து வந்த என் கணவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நடந்தத மாத்த முடியுமா மவளே?"

"ஃப்ரெண்ட்ஸ்னு சொல்லிட்டு எப்படி வாப்பா கதவ மூடுறது?"

இவர் சிரிப்பு நின்றுவிட்டது. கூட வேலை பார்த்த முருகேசனை வேலையிலிருந்து நீக்கி, தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பை விட்டும் அனுப்பிவிட்டார்கள். தங்க இடம் கேட்டு அவர் சில நாட்களாகப் போன் செய்கிறார். "என்ன ஆனாலும் நான் இருக்கேன்" என்று சொல்லியிருந்த இவர் எடுப்பதே இல்லை.

சாப்பிட்டதும் இவரே கூப்பிட்டார். "எங்க இருக்கே முருகேசா? பெட்டிய எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வா."

வீட்டை வாடகைக்கு விட்டவர் கேட்டால் என்ன சொல்வது என்று நான் கேட்டேன். தெரியவில்லை என்றார்.

நஸ்ரின் நாளை கதவை மூடிவிடுவாளாம். ஹாலில் முருகேசன் குறட்டை விடுகிறார்.