ஒரு தலை கூடுதல்

யாரம்பூல்
6 அக்டோபர் 1974, ஞாயிறு

தோற்றாலும் மீசையை முறுக்கிக்கொண்டு நடக்கும் என் மச்சான் மெர்வுக்கு,

உன் அக்கா தெல்மா சுகமாக இருக்கிறாள். என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அவ்வளவுதான். கால்பந்து லீக் இறுதி ஆட்டம் முடிந்து பதினைந்து நாளாகியும் எனக்கு ஆறிப்போன ஆட்டிறைச்சிதான் விழுகிறது. "சூடா வேணுமா? ஜெயிச்ச கோப்பைய அடுப்புல வச்சு அதுல சுட்டுக்கங்க" என்கிறாள். அவள் பிறந்த ஊர் அணியை நாலு புள்ளியில் கவிழ்த்த யாரம்பூல் அணிக்கு மாற்று ஆட்டக்காரர் பெஞ்சைக் கவனித்துக்கொள்கிறவன் நான். அவள் சமைத்துப் போடுவதே பெரிது.

போனில் இதையெல்லாம் சொல்லலாம். ஆனால் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் மிஸஸ் போல்ட் நம் பேச்சைக் கேட்டுத்தான் பின்னல் வேலையே செய்கிறாள். அதனால் எழுத்து. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன், பிழையைப் பொறுத்துக்கொள்.

அடுத்த பருவத்தில் எங்களை அசைக்க யார் இருக்கிறார்கள் என்று கோதுமைக் கிடங்கில் தினமும் ஆராய்ச்சி நடக்கிறது. மரூனாக்காரர்கள் மெல்போர்னிலிருந்து புதுக் கோச் ஒருவனைக் கூட்டி வந்திருக்கிறார்கள். காலில் வெள்ளைச் சப்பாத்து போடுகிறான். கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்குகிறானாம். ஜூலைச் சேற்றில் அம்புக்குறி எங்கே போகும் என்று பார்ப்போம். பைன் வெல் அணியில் டிரான்டர் சகோதரர்கள் ஐந்து பேர். கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அவர்கள் அம்மா ஒருவனைத் திட்டினால் ஐந்து பேரும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பிறகு இன்னும் யாரோ ஒரு ஊர் பாக்கி இருக்கிறதே என்று வெகுநேரம் யோசித்தேன். அட, கில்டன் கிரீக்! உங்களை மறந்தே போனேன், மன்னித்துக்கொள்.

கேலி கிடக்கட்டும். மூன்று இறுதி ஆட்டம், மூன்றிலும் தோல்வி, கேப்டனை மாற்று என்று உங்கள் ஊரில் முனகுகிறார்களாமே? உண்மையா?

அன்புள்ள அத்தான்,
கிளாரி

~

கில்டன் கிரீக்
20 அக்டோபர் 1974

அன்பு அத்தானுக்கு மெர்வ் எழுதுவது.

உண்மைதான். பிப்ரவரி இருபதாம் தேதி கமிட்டி கூடுகிறது. கேப்டன், கோச் இரண்டிலும் நான் இருக்க வேண்டுமா என்று கை தூக்கிப் பார்ப்பார்களாம். எனக்கு வயது முப்பத்துநாலு. முட்டி மழைக்கு முன்னால் வலிக்கிறது, மழை வராவிட்டாலும் வலிக்கிறது. ஆனாலும் இன்னும் ஒரு பருவம் என் கையில் கொடுத்தால் உங்களைத் தோற்கடிப்பேன். இதைக் கோபத்தில் சொல்லவில்லை. கோதுமை விலை சொல்வதுபோலச் சொல்கிறேன்.

உங்கள் ஆராய்ச்சியில் ஓட்டை இருக்கிறது. மரூனாவின் வெள்ளைச் சப்பாத்துக்காரன் அவர்களைத் தினமும் ஆறு மைல் ஓடவிடுகிறான். ஜூலையில் நீங்கள்தான் மூச்சு வாங்குவீர்கள். எங்கள் பள்ளிக்கும் புதுக் கணக்கு வாத்தியார் வந்திருக்கிறார், ஆலன் பிரின்ஸ் என்று பெயர். ஆறடி ஆறங்குலம். ஆட்டம் தொடங்க நடுவர் மேலே எறிகிற பந்தை இறங்குவதற்கு முன்பே பிடித்துவிடுகிறார். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பயப்பட்டால் சந்தோஷம்.

அறுவடை தொடங்கிவிட்டது. அக்காவிடம் சூடாகச் சமைக்கச் சொல்லி நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

உங்கள் மெர்வ்

~

யாரம்பூல்
15 டிசம்பர் 1974

என் மச்சானுக்கு,

நூற்றுநாலு டிகிரி வெயிலில் உன் அக்கா கிறிஸ்துமஸ் புட்டிங் வேகவைக்கிறாள். வீட்டுக்குள் நானும் சேர்ந்து வேகிறேன்.

ஒரு செய்தி. ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி எங்கள் மைதானத்தில் முதல் ஆட்டம். போன பருவத்து வெற்றிக் கொடி ஏறும் நாள். யார் எதிரணி தெரியுமா? நீங்களேதான். எதிரணி வரிசையாக நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பது வழக்கம் அல்லவா, கழுத்தைப் பழக்கிக்கொள். இன்னொன்றும் இருக்கிறது. கொடிக்கயிற்றை இழுக்கிற மரியாதையைப் பெஞ்சில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்ததற்காக எனக்கே கொடுத்திருக்கிறார்கள்.

கிளப் தலைவர் ஆர்ச்சி மில்ன் வீட்டுக்கு வந்து சொன்னார். நான் "ரொம்ப சந்தோஷம் ஆர்ச்சி" என்றேன். அவர் போனதும் கொல்லைப்புறம் போய்க் கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மெர்வ், இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை உனக்கு எழுதுகிறேன். இறுதி ஆட்டத்தின் நாலாம் பகுதியில் எங்கள் டக் பிராட்டனுக்கு மண்டையில் அடிபட்டது நினைவிருக்கும். அவனைக் கூட்டி வருகிறோம் என்று தூரத்திலிருந்து கை காட்டினார்கள். நான் அவனுக்குப் பதில் பேக்கரி கெல்வினை "ஓடுடா" என்று உள்ளே அனுப்பினேன். ஒருவன் எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான் அடுத்தவனை அனுப்ப வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அதைத்தானே செய்கிறேன். அன்றைக்கு நான் மைதானத்தைப் பார்க்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற உங்கள் ஊர்க்காரர்களைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், கிறுகிறுத்துப் போன டக் தன்னைத் தாங்கி வந்தவனைத் தள்ளிவிட்டுப் பழைய இடத்திலேயே போய் நிற்கிறான்!

பதினெட்டுப் பேர் ஆட வேண்டிய இடத்தில் பத்தொன்பது பேர். நாலு நிமிடம். பிறகு டக் தானாகவே விழுந்தான், தூக்கி வந்தோம், கணக்குச் சரியாகிவிட்டது. அந்த நாலு நிமிடத்தில் எங்களுக்கு இரண்டு கோல். பன்னிரண்டு புள்ளி. ஜெயித்தது நாலு புள்ளியில்.

நீ நடுவரிடம் ஒரு வார்த்தை சொல்லி ஆள் எண்ணச் சொல்லியிருந்தால், அதுவரை நாங்கள் எடுத்த புள்ளி அத்தனையும் அழிந்திருக்கும். உனக்கு எப்படித் தெரியும், பாவம். மூன்றாவது தோல்வி என்று உன்னைக் கீழே இறக்கப் பார்க்கிறார்கள். அது தோல்வியே இல்லை. அந்தக் கொடியை நான் எப்படி ஏற்றுவேன்?

கிளாரி

~

கில்டன் கிரீக்
5 ஜனவரி 1975

அன்பு அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை டிராக்டரில் உட்கார்ந்து படித்தேன். நீங்கள் என்னிடம் சொன்னதால் நானும் சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தெரியும்.

பட்டி வாசலில் ஆடு எண்ணிப் பழகிய கண் இது. மூன்று மூன்றாகத்தான் எண்ணும். ஆறு மூன்று போய் ஒரு தலை மிஞ்சியது. பொய்யாக இருக்கும் என்று மறுபடியும் எண்ணினேன். மறுபடியும் ஒரு தலை மிஞ்சியது. நடுவர் பத்தடி தூரத்தில் நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது நாங்கள் எட்டுப் புள்ளி முன்னால் இருந்தோம். காற்றும் எங்கள் பக்கம். இத்தனை ஆயிரம் பேர் முன்னால் உங்களை வரிசையாக நிறுத்தி, தலையை எண்ணி, புள்ளியை அழித்துக் கோப்பை வாங்குவதா என்று தோன்றியது. பத்தொன்பது பேர் வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவ்வளவு திமிர். இரண்டு கோல் விழுந்து நான் திரும்பவும் எண்ணியபோது பதினெட்டுத்தான் இருந்தது.

என் பையன்கள் பனியில் உருண்டு, விரல் உடைந்து, ஏழு மாதம் உழைத்ததை நான் ஒரு நிமிடத்தில் விட்டுக்கொடுத்தேன். அவர்களைக் கேட்காமல். அது அவர்களுக்குத் தெரியாது.

ஆகவே தயவுசெய்து நீங்கள் வாயை மூடிக்கொண்டு கயிற்றை இழுங்கள். நீங்கள் வெளியே சொன்னால் அடுத்த கேள்வி என்னிடம்தான் வரும்: "கேப்டன் எங்கடா பார்த்துக்கிட்டு நின்னான்?"

மெர்வ்

~

யாரம்பூல்
16 பிப்ரவரி 1975

மச்சான் மெர்வுக்கு,

திட்டுவதென்றால் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

உன் அக்காவிடம் சொல்லிவிட்டேன். என் பங்கை மட்டும். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அப்ப அந்தக் கோப்பை என் தம்பியோடது."

"அப்படித்தான் ஆகுது."

"அஞ்சு மாசமா எனக்கு முன்னால அதப் பத்திப் பாட்டுப் பாடிக்கிட்டுத் திரிஞ்சீங்க."

"பாட்டு நல்லாத்தானே இருந்துச்சு?"

அவள் சிரிக்கவில்லை. "வியாழக்கிழமை அவனைக் கீழ இறக்கப் போறாங்க. நீங்க இங்க உக்காந்து கிழங்கு திங்கப் போறீங்களா?" என்றாள். கத்தி வைத்திருப்பவளிடம் என்ன பேசுவது? அன்றைக்கு மாலையே எங்கள் கிளப் கமிட்டியிடம் போனேன்.

எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு ஆர்ச்சி கேட்டார்: "கிளாரி, நீ எப்பவும் விளையாட்டாப் பேசுற ஆளு. இதுவும் விளையாட்டா?"

"இல்ல ஆர்ச்சி."

"புகார் கொடுக்கிற கெடு ஒரு வாரம். அது முடிஞ்சு அஞ்சு மாசம் ஆச்சு. கொடி நம்மளோடதுதான், யாரும் பிடுங்க முடியாது. பிறகு எதுக்குய்யா இதை வந்து சொன்னே?"

"அந்தப் பக்கம் ஒருத்தன் தலை உருளப் போகுது. அவன் தோக்கல."

பெஞ்ச் என்னிடமிருந்து போய்விட்டது. வாளி, துண்டு, பஞ்சு, பெட்டிச் சாவி எல்லாம் அங்கேயே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். கொடிக்கயிறு ஆர்ச்சியின் மனைவிக்குப் போகிறது. வெளியே வரும்போது டக் பிராட்டன் மட்டும் என் தோளைத் தட்டி, "எனக்கு அன்னிக்கு நடந்தது எதுவுமே ஞாபகம் இல்ல கிளாரி, பத்தொன்பதாவது ஆள் நானா கெல்வினா?" என்று கேட்டான். நல்ல பையன்.

நீ எண்ணியதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. என் தப்பை நான் சொன்னேன். உன்னுடையது உன்னுடையது. ஊமையாக இருந்துவிடு. வியாழக்கிழமை உன்னை யாரும் தொடமாட்டார்கள். மிஸஸ் போல்ட் காதுக்கு இதற்குள் எட்டியிருக்கும். உங்கள் ஊர் முழுக்க நீ தோற்காத கேப்டன் என்று தெரிந்திருக்கும்.

சனிக்கிழமைகளில் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. தெல்மா வேலிக்கு வண்ணம் அடிக்கச் சொல்கிறாள்.

கிளாரி

~

கில்டன் கிரீக்
9 மார்ச் 1975

அன்பு அத்தானுக்கு,

திட்டத்தான் நினைத்தேன். பத்து நாள் தினமும் நினைத்தேன்.

வியாழக்கிழமை கூட்டத்துக்குப் போனால் கை தட்டுகிறார்கள். "திருட்டுப் பசங்க! நம்ம மெர்வைக் கவுத்துட்டாங்க!" என்று பொருளாளர் பெர்ஸி மேஜையைக் குத்துகிறார். கேப்டனாக நான்தான் என்று ஒரே குரலாகச் சொன்னார்கள். உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து உண்மையைச் சொன்னேன். எண்ணினேன், இரண்டு தடவை எண்ணினேன், கேட்கவில்லை என்று.

பெர்ஸிதான் முதலில் வாயைத் திறந்தார். "அடப்பாவி! எண்ணத் தெரிஞ்சவனே எண்ணச் சொல்லலையா?"

எங்கள் தடுப்பாட்டக்காரன் ஸ்டான் எழுந்தான். "எட்டுப் புள்ளி முன்னால, காத்து நம்ம பக்கம். நானா இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்."

"உனக்குப் பத்துக்கு மேல எண்ண வராது ஸ்டான், அதனால கேட்டிருக்க மாட்டே" என்றார் பெர்ஸி.

சிரித்தார்கள். பிறகு ஒரு மணி நேரம் யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பையன்கள் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார்கள். இன்னும் பார்ப்பதில்லை. முடிவில் கோச் வேலையை என்னிடமே விட்டார்கள். நடுவரிடம் பேசும் உரிமை கேப்டனுக்குத்தான் என்பதால் கேப்டன் பதவி கணக்கு வாத்தியாருக்குப் போனது. நியாயம்தான். எனக்கு வலிக்கிறது, ஆனால் மழைக்கு முன்னால் வலிக்கிற அளவுக்குத்தான். இரவில் தூங்குகிறேன்.

இன்னொரு முடிவும் ஆயிற்று. எங்கள் பெஞ்சுக்கு ஆள் வேண்டும். உங்களைக் கேட்கச் சொன்னது நான் இல்லை, பெர்ஸி. "இனி சாகிற வரைக்கும் கோட்டைப் பார்க்காம ஒருத்தனை உள்ள அனுப்ப மாட்டான், அந்த மாதிரி ஆள் இந்த லீக்கிலேயே ஒருத்தன்தான் இருக்கான்" என்றார். ஏழுக்கு இரண்டு ஓட்டு. ஆட்டக்காரர்கள் ஊர் மாறத்தான் பழைய கிளப் கையெழுத்து வேண்டும். வாளி தூக்குகிறவருக்கு வேண்டாம்.

வருகிறீர்களா?

உங்கள் மெர்வ்

~

யாரம்பூல்
23 மார்ச் 1975

என் மச்சானுக்கு,

உன் கடிதத்தைத் தெல்மாதான் முதலில் பிரித்தாள். நான் வேலைவிட்டு வருவதற்குள் உங்கள் அணியின் பச்சைச் சட்டை ஒன்றைத் துவைத்துத் துணிக்கொடியில் போட்டுவிட்டாள். ஆறு மாதத்துக்குப் பிறகு சூடான ஆட்டிறைச்சி, மேலே புதினா சாறு. அதற்குப் பிறகும் என் பதில்: மாட்டேன்.

கோபித்துக்கொள்ளாதே. பெர்ஸிக்கு என் நன்றி. எதிரி ஊரிலிருந்து கிடைத்த இவ்வளவு பெரிய மரியாதை என் வாழ்நாளில் வேறில்லை. ஆனால் என் ஊர் என்னைப் பெஞ்சிலிருந்துதான் எழுப்பியது. ஊரைவிட்டு எழுப்பவில்லை. நான் யாரம்பூல்காரன்தான், வாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நீ எழுந்து நின்று சொன்னதைத் தெல்மா இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள். இரண்டாவது தடவை நான் வெளியே போய்விட்டேன், கோழிகளுக்குத் தீனி வைக்க.

கிடங்கில் ஆராய்ச்சி மறுபடியும் தொடங்கிவிட்டது. மரூனா, பைன் வெல் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் நேற்று எழுந்து, "இந்த வருஷம் நம்மளைக் கவுக்கிறவன் கில்டன் கிரீக்காரன்தான், வேற எவனும் இல்ல" என்றேன். பெஞ்ச் போனதில் கிளாரிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள்.

பன்னிரண்டாம் தேதி கோல் கம்பத்துக்குப் பின்னால், வேலி ஓரம், டிக்கெட் வாங்கிக்கொண்டு நிற்பேன். கொடி ஏறும்போது குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருப்பேன். நீ மட்டும் அண்ணாந்து நன்றாகப் பார். உன் பையன்களையும் பார்க்கச் சொல், முகம் கொடுக்காத அந்த இரண்டு பேரையும் சேர்த்து. முந்தின நாளே வந்துவிடு, நம் வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும்.

நடுவர் பந்தை மேலே எறிந்ததும் நான் நிமிர்ந்துவிடுவேன். அதற்குப் பிறகு கடைசிச் சங்கு ஊதும்வரை நான் உனக்கு அத்தான் இல்லை.

கிளாரி