வெள்ளையாய்ப் போன முகம்

அண்ணே,

இன்று காலை கடலூரில் நான் வேலை பார்க்கும் போட்டோக் கடைக்கு ஒருவர் பென் டிரைவ் கொண்டுவந்தார். பிறந்தநாள் படங்கள். வெளிச்சம் ஏறிப்போய், பிள்ளையின் கன்னம் வெறும் வெள்ளையாக இருந்தது. "கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க மேடம்" என்றார். என் கை மவுஸைத் தொடவில்லை. நீங்கள் செத்து ஒரு வருஷமாகியும் உங்கள் மேல் கோபம் ஆறவில்லை.

2008இல், சிதம்பரத்தில் உங்கள் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் படம் திருத்தும் வேலை எனக்கு. கிள்ளையில் ஒரு கல்யாணம். முந்தின நாள் இருட்டு மண்டபத்துக்காகக் கேமராவில் வைத்த வெளிச்ச அளவை மாற்றாமலே, கோயில் வாசல் வெயிலில் தாலி கட்டுவதை எடுத்து வந்தீர்கள். பெண்ணின் அப்பா முகம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்தேன். வெளிச்சத்தைக் குறைக்கக் குறைக்கச் சட்டை மடிப்பு வந்தது, மாலையின் நிறம் வந்தது. முகம் மட்டும் சாம்பலானது. கேமராவில் பதியாததை எந்த சாஃப்ட்வேரும் கொண்டுவராது. அது உங்களுக்கும் தெரியும்.

ஆல்பம் வாங்கப் பெண்ணின் அம்மாதான் வந்தார். கல்யாணம் முடிந்த பதினைந்தாம் நாள் மாரடைப்பில் அந்த அப்பா இறந்துவிட்டாராம். பக்கங்களைப் புரட்டிவிட்டு, "அவுரு மொகம் எங்கப்பா?" என்று கேட்டார்.

நீங்கள் என் பக்கம் கை நீட்டினீர்கள். "நான் நல்லாத்தாம்மா எடுத்தேன். இந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல போட்டுக் கெடுத்துடுச்சி."

அந்த அம்மா திட்டவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். வேலை போய்விடுமோ என்று நான் வாய் திறக்கவில்லை. அவர் போனதும் சொன்னீர்கள்: "சின்னப் பொண்ணுன்னு ஒன்ன வுட்டுடுவாங்க. எனக்குக் கட பேரு போயிடும்ல?"

படத்தைக் கெடுத்தவள் என்று என் பேர்தான் போனது. வேலையை விட்ட பிறகு சிதம்பரத்தில் எந்த ஸ்டுடியோவும் என்னைச் சேர்க்கவில்லை. கடலூருக்கு வந்தேன்.

நீங்கள் செத்த செய்தி கேட்டுப் புறப்பட்டேன், உங்கள் வீட்டுக்கு அல்ல, கிள்ளைக்கு. அந்த அம்மாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்து, கடைசிவரை கேட்டார்.

"அந்தத் தம்பி உசுரோட இருந்தப்ப ஏம்மா வந்து சொல்லல? செத்துப்போனது இப்ப எழுந்து வந்து இல்லன்னு சொல்லவா போவுது?"

அவர் நம்பவில்லை. செத்தவர் மேல் பழி போடுகிறவளாகத்தான் அந்த வீட்டிலிருந்து இறங்கினேன்.

நீங்கள் உயிரோடு இருந்தபோதே நான் போய்ச் சொல்லவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் உங்களை வெறுக்கிறேன், அண்ணே.