அசையாதவன் மட்டும் பதிந்த படம்

தூத்துக்குடி, பிப்ரவரி 1947

அன்புள்ள இன்பமணிக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். கொழும்பில் நீயும் பிள்ளைகளும் சுகம்தானே?

இங்கே படம் பிடிக்கும் பொன்னுதுரை அண்ணாச்சி மகா கெட்டிக்காரர். காமிராவை அரைமணி நேரம் திறந்தே வைத்துக் கடல்பாலத்தைக் கண்ணாடியில் படமாக்கி, அதைப் பாலத்தைப் பார்த்திருக்கும் தன் ஜன்னலில் பதித்திருக்கிறார். அதன் வழியே பார்த்தால், இன்றைய கூட்டம் அன்றைய பாலத்தில் நடக்கிறது. அன்று அங்கே நடமாடியவர்கள் யாருமே படத்தில் பதியவில்லை. புறப்பட்டுப் போன கொழும்புக் கப்பலும் இல்லை. அசையாமல் நின்ற நான் மட்டும் இருக்கிறேன்.

"ஏலே, அவ்வளவு நேரம் என்னத்தப் பாத்துக்கிட்டு நின்னே?" என்று கேட்டார்.

"சும்மாதான் அண்ணாச்சி" என்றேன்.

தபால் கட்டும் நேரமாகிவிட்டது. யாராவது இங்கே வந்தால் நீ போர்த்துகிற போர்வையைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம்.

உன்
ஆசீர்வாதம்