ஒரே டம்ளர் கஞ்சி

ஏரியூர்
2-4-1986

அன்புள்ள நசீம்,

சௌக்கியமா என்று கேட்டால் நம் இரண்டு பேருக்குமே அது கேலி செய்வதுபோல இருக்கும். அதனால் கேட்கவில்லை. போன ஊசிக்குப் பிறகு வந்த வாந்தி நின்றதா, அதை மட்டும் எழுது. எனக்கு ஐந்தாம் நாள் நின்றது. தலையில் மிச்சமிருந்த நாலு முடியும் சீப்போடு வந்துவிட்டது. உனக்கென்னடி, முக்காடு இருக்கிறது. நான் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு வகுப்புக்குள் போனால், மூன்றாம் வகுப்பு வாண்டு ஒன்று, "வெளியே மழ வருதுங்களா டீச்சர்?" என்று கேட்கிறது.

உன் வீட்டுக்காரர் மண்டிக்குப் புளி கொண்டுவரும் முனியப்பன் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன். சோயா மாவு. இங்கே யூனியன் ஆபீசில் கிராம சேவிகா செல்லி, சோயா மொச்சையை வைத்து விதவிதமாகச் சமைத்துக் காட்டினாள். "இதைத் தினமும் திங்கிற நாட்டுல பொம்பளைங்களுக்குப் புத்துநோயே கம்மிங்களாம் டீச்சர்" என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். திருதிருவென்று முழித்தாள். ஆனாலும் இரண்டு பொட்டலம் வாங்கிவந்துவிட்டேன். முப்பது வருஷம் பிள்ளைகளிடம் விடைக்குக் காரணம் கேட்டவள் நான். எனக்கென்று வந்ததும் காரணம் வேண்டாமென்று ஆகிவிட்டது பார்.

மாவை வாசனை வரும்வரை வறுத்து, ராகி மாவோடு கலந்து கஞ்சி காய்ச்சு. வறுக்காமல் போட்டால் பச்சை வாடை அடிக்கும், குடலே வெளியே வந்துவிடும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்தால், காலையில் நான் வைத்துவிட்டுப் போன செம்பு வைத்த இடத்திலேயே இருக்கிறது. அதை நகர்த்தி வைக்கக்கூட ஆளில்லாத வீடு. நம் ஆஸ்பத்திரி வார்டே மேல் என்று சில நாள் தோன்றுகிறது. பக்கத்துக் கட்டிலில் நீயாவது முனகுவாய்.

அடுத்த ஊசிக்கு மெட்ராஸ் போக, 21ஆம் தேதி மொரப்பூர் பிளாட்பாரத்தில் பார்ப்போம். கஞ்சி நான் பிளாஸ்கில் கொண்டுவருகிறேன்.

உன்,
ஜானகியம்மாள்


அரூர்
9-4-86

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு நசீம் சலாம் சொல்லிக்கிறேன்.

எனக்குப் பேசற மாதிரிதான் எழுத வரும். சிவப்பு மையில திருத்தி மார்க் போட்றாதீங்க.

பொட்டலம் வந்துச்சு. கஞ்சி காய்ச்சினேன். அய்யே, வறுத்தும் அந்த வாடை போகலை. மூக்கைப் பிடிச்சிட்டுக் குடிச்சேன். நீங்க குடுத்ததாச்சே. ஆனா இந்த ஊசியோட இதைச் சேர்த்துக் குடிக்கலாமான்னு டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுடுங்க. எனக்கு அவரைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்குது.

வாந்தி நின்னுடுச்சு. வேற ஒண்ணுதான் நிக்கலை. எங்க வூட்ல என் தட்டும் டம்ளரும் இப்ப சமையல்கட்டு மூலைல தனியா இருக்கு. நான் சாப்பிட்டு நானே கழுவி அங்கயே கவுத்து வெச்சிடணும். யாரும் திட்டறதில்லைங்க. நல்லாதான் பேசறாங்க, தள்ளி நின்னு. போன வாரம் எங்க குல்ஷன் தாகமா ஓடியாந்து என் டம்ளரை எடுத்துட்டா. மாமியார் ஓடியாந்து தட்டிவிட்டாங்க. பத்து வயசுப் புள்ள, பேந்தப் பேந்த முழிக்குது. எங்க வூட்டுக்காரங்க பார்த்துட்டு, செருப்பை மாட்டிட்டு மண்டிக்குப் போயிட்டாங்க.

பிப்ரவரில, முதல் தடவை ரயில்ல நீங்க பாதிக் கஞ்சி குடிச்சிட்டு அதே டம்ளரை எங்கிட்ட நீட்டினீங்களே. நான் குடிச்ச மிச்சத்தை வாங்கித் திரும்பவும் குடிச்சீங்களே. அன்னிக்கு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டது காத்துக்காக இல்லைங்க.

நசீம் பானு


ஏரியூர்
28-4-1986

அன்புள்ள நசீம்,

போன வாரம் வார்டில் நீ வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தபோது டாக்டரைக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சாப்பாடா சாப்பிடுங்கம்மா. மருந்துன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க. ஊசியோட சேர்ந்தா நல்லதா கெட்டதான்னு எங்களுக்கே தெரியாது. தண்ணி ஒரு நாளைக்கு மூணு லிட்டர் குடிச்சே ஆகணும். இல்லேன்னா இந்த ஊசி கிட்னியைத் தின்னுடும்."

அவருக்கென்ன தெரியும்! குடிப்பவளுக்குத்தானே தெரியும். காலையில் ஒரு டம்ளர் குடித்தால் சாயங்காலம் வரை எனக்குப் பசி தெரிவதில்லை. தாகம்கூட எடுப்பதில்லை. வெயிலில் பள்ளிக்கூடம் நடந்து போய் வருகிறேன். இந்த மாவில் ஏதோ இருக்கிறது. நீயும் விடாமல் குடி. இன்னும் இரண்டு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன்.

அந்தத் தட்டு விஷயம் மனதை அறுக்கிறது. நீ வாய்விட்டுக் கேளேன். ஊருக்கெல்லாம் வாயாடுகிறாய், வீட்டில் ஊமையா?

அடுத்த ஊசி மே 20.

ஜானகியம்மாள்


அரூர்
12-6-86

டீச்சரம்மா,

என்னைத் திட்டக்கூடாது. திட்டறதா இருந்தா இந்த லெட்டரை இத்தோட மடிச்சு வெச்சிடுங்க.

பெருநாள் வந்துட்டுப் போச்சு. மெட்ராஸ்லேர்ந்து வந்த மறுநாளே நான் நோன்பு பிடிக்க ஆரம்பிச்சேன். நோயாளிக்குக் கட்டாயம் இல்லைன்னு பள்ளிவாசல் அஸ்ரத்தே சொல்லிட்டாரு. இவங்களும் வேணாம்னாங்க. நான்தான், "டீச்சரம்மா மாவு இருக்கு, ஒரு டம்ளர் குடிச்சா நாளெல்லாம் தாங்கும், தாகமே எடுக்காது"ன்னு சொல்லி உங்க லெட்டரைப் படிச்சுக் காட்டினேன். டீச்சர் எழுதினா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டாங்க. விடியறதுக்கு முன்னால கஞ்சி ரெண்டு டம்ளர். அப்புறம் பொழுது சாயற வரைக்கும் பச்சைத் தண்ணி இல்லை. வெயிலுன்னா வெயிலு, அப்படி ஒரு வெயிலு.

ஒன்பது நோன்பு பிடிச்சேன். பத்தாம் நாள் கிணத்தடில விழுந்துட்டேன். தருமபுரி ஆஸ்பத்திரில ரத்தம் பார்த்துட்டு, கிட்னி பழுதாயிடுச்சுன்னாங்க. மெட்ராசுக்கு ட்ரங்க்கால் போட்டுக் கேட்டதுக்கு, அந்த ஊசி இனிமே எனக்குப் போட முடியாதாம். வேற மாத்திரை தராங்களாம். அது எவ்வளவு கேக்கும்னு தெரியாதாம்.

17ஆம் தேதி நான் வரலை. நீங்க ஜன்னலோரமா உக்காந்துட்டுப் போங்க.

நசீம்


ஏரியூர்
15-6-1986

நசீம்,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். டாக்டர் சொன்ன மூன்று லிட்டரையும் நான்தான் எழுதினேன். அதற்குக் கீழேயே என் பீற்றலையும் நான்தான் எழுதினேன். நீ எதை எடுத்துக்கொண்டாய் பார். பிள்ளைகள் எப்போதும் கரும்பலகையில் இருப்பதை விட்டுவிட்டு டீச்சர் வாயில் வந்ததைத்தான் பிடித்துக்கொள்ளும். அது தெரிந்தும் எழுதினேனே, பாவி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தாகம் எடுக்கவில்லை என்று எழுதியது மாவின் குணம் இல்லை. எனக்கு அப்போது வாய் மரத்துப்போயிருந்தது. அதை மாவின் பெருமையாக்கிக்கொண்டேன். ஏதாவது ஒன்று நம்மைக் காப்பாற்றுகிறது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்ல எனக்கு உன்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

மிச்சம் இருந்த மாவைக் குப்பையில் கொட்டிவிட்டேன். நான் ரயில் ஏறப்போவதில்லை. உன்னை இப்படி ஆக்கிவிட்டு நான் மட்டும் போய் ஊசி போட்டுக்கொண்டு, யாருக்காகப் பிழைக்க? வீட்டில் அந்தச் செம்பு இருக்கிறது, என்னைப் பார்த்துக்கொள்ளும்.

ஜா.


அரூர்
24-6-86

டீச்சரம்மாவுக்கு,

நிஜமாவே போகலையாமே. முனியப்பன் சொன்னாரு. நல்லா இருக்குதுங்க நியாயம்! எனக்கு ஊசி இல்லைன்னு நான் இங்க தலையில அடிச்சிக்கிறேன். இருக்கற ஊசியை நீங்க வேணாங்கறீங்க. பசிச்சவ முன்னால சோத்தைக் கொட்டற மாதிரி இருக்கு.

மாவு மேல பழி போடாதீங்க. உங்க மேலயும் போட்டுக்காதீங்க. மூணு லிட்டரும் நான் படிச்சேன். படிச்சிட்டு, இவங்களுக்குக் காட்டறப்ப அந்த இடத்தைக் கட்டை விரலால மறைச்சிக்கிட்டேன். நான் ஏன் நோன்பு பிடிச்சேன்னு யாரும் கேக்கலை. நீங்களும் கேக்கலை.

எங்க வூட்ல நோன்பு திறக்கறப்ப கூடத்துல துணி விரிச்சு, நடுவுல பெரிய தட்டு வைப்பாங்க. அதைச் சகன்னு சொல்லுவோம். நோன்பு பிடிச்சவங்க எல்லாரும் சுத்தி உக்காந்து அந்த ஒரே தட்டுல கை வெச்சுச் சாப்பிடணும். நோன்பாளியை எழுந்து போன்னு சொல்ல யாருக்கும் வாய் வராது. மாமியாருக்கும் வராது. அதுக்குத்தான் பிடிச்சேன். அல்லாவுக்காகன்னு சொன்னா பொய். அவன் மன்னிக்கட்டும்.

ஒன்பது நாள் டீச்சரம்மா. குல்ஷன் பக்கத்துல உக்காந்தேன். எங்க ரெண்டு பேர் கையும் ஒரே தட்டுல. மாமியார் தட்டோட அந்த ஓரத்துலதான் கை வெச்சாங்க. இருந்தாலும் ஒரே தட்டுதானே. பெருநாளுக்கு அப்புறம் என் தட்டு திரும்பவும் மூலைக்கு வந்துடுச்சு.

நீங்க ஜூலை ஊசிக்குப் போகணும். இது என் மேல ஆணை. 14ஆம் தேதி மொரப்பூருக்கு நானே வந்து ஏத்திவிடறேன். கஞ்சி கொண்டாங்க. வாடை அடிச்சாலும் குடிக்கிறேன்.

நசீம்


மெட்ராஸ், ஆஸ்பத்திரி வார்டு
17-7-1986

என் நசீமுக்கு,

வந்துவிட்டேன். நேற்று ஊசி ஏறியது. படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் இந்தத் தடவை நீ எனக்கு மார்க் போடு. மாவு விவரம், நோன்பு, நம் கடிதம் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் தேவலாம்.

பிளாட்பாரத்தில் உன்னைத் தேடினேன். முக்காடு போட்ட ஒவ்வொருத்தியையும் பார்த்தேன். வந்தது உன் வீட்டுக்காரர். தூக்குச்சட்டியைக் கொடுத்து, "அவளால எழுந்திருக்க முடியலைங்கம்மா. இதைக் குடுத்துட்டு வரச் சொன்னா" என்றார். மனிதர் பாதியாக இளைத்துவிட்டார்.

நான் வாயை அடக்கவில்லை. "ஒரு விஷயம் கேக்கறேன் பாஷா. அவ தட்டு இன்னும் மூலையிலதான் இருக்குதா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். "அம்மா பயப்படறாங்க. நான் என்னங்கம்மா பண்றது?" என்றார்.

"என்ன பண்றதா? பக்கத்துல உக்காந்து சாப்பிடறது! இது தொத்து வியாதி இல்லை. அவ வாய் வெச்ச டம்ளர்ல பிப்ரவரிலேர்ந்து குடிக்கிறேன். எனக்கு இது அவகிட்டேயிருந்து வரலை. ஒரே தட்டுல சாப்பிடறதுக்காக உங்க பொண்டாட்டி கிட்னியைக் குடுத்திருக்கா, தெரியுமா உங்களுக்கு?" என்றேன்.

கத்திவிட்டேன்போலிருக்கிறது. போர்ட்டர்கூட நின்று பார்த்தார். உன் ரகசியத்தைச் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடு. அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ரயில் வந்துவிட்டது. நம் டம்ளரை அவர் கையில் கொடுத்து, "இது அவளோடது, மூலையில வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

உன் கட்டிலில் இப்போது வேறு யாரோ படுத்திருக்கிறார்கள். பாவம், நல்ல பெண்தான். எனக்குத்தான் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை.

எனக்கு நீளமாக எழுதாதே, கை வலிக்கும். அவர் சாப்பிட்டாரா? அது ஒன்றை மட்டும் கார்டில் எழுது.

ஜானகியம்மாள்


(தபால் கார்டு)

அரூர்
25-7-86

டீச்சரம்மா,

சாப்பிட்டாங்க. மண்டிலேர்ந்து வந்து கை கழுவிட்டு நேரா சமையல்கட்டுக்கு வந்து, மூலைல என் பக்கத்துல உக்காந்து, என் தட்டுலேயே. தினமும். குல்ஷனும் வந்து உக்காந்துக்கறா. எனக்குத்தான் ஒரு வாய்க்கு மேல இறங்கலை. பரவால்லைங்க.

இனிமே மாவு அனுப்ப வேணாம். ஆகஸ்ட் ஊசிக்குப் போங்க.

நசீம்