வேலியில் காயும் பாய்

1873 ஜனவரி 20

இன்றும் பாய் வேலியில். என் வீட்டுக்காரர் கிளறன்ஸ் கிளார்க்காக இருக்கும் ஸ்டோர் முற்றத்தில் கோப்பி காய்கிறது, எங்கள் வேலியில் பெற்றியின் பாய் காய்கிறது. கண்டி வெயில் இரண்டுக்கும் போதவில்லை.

பெற்றிக்கு ஐந்து வயது. என் தங்கையின் மகள். தங்கை காய்ச்சலில் போன நாளிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். எங்களுக்கென்று பிள்ளை இல்லை. நேற்று அவள் அப்பா ஹென்றி வத்தேகமையிலிருந்து வந்திருந்தார். அங்கே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. பூசைக்குப் போய்வந்து, சாப்பிட்டு, கதிரை நுனியில் உட்கார்ந்து ஒருவழியாக விஷயத்துக்கு வந்தார். மறுகலியாணம் கட்டியிருக்கிறார் அல்லவா, அந்தத் திரேசம்மா நல்ல மாதிரியாம். பிள்ளையை வளர்க்கச் சம்மதமாம். ஆனால் தோட்டம் கொடுத்த வீடு ஒரே அறை. எல்லாரும் ஒட்டிப் படுக்க வேண்டும்.

"தவக்காலம் கழிஞ்சு, பாஸ்குத் திருநாளும் முடிஞ்சு வந்து கூட்டிக்கிட்டுப் போறேன் அக்கா. அதுக்குள்ள இந்தப் படுக்கை நனைக்கிறது நிக்கணும். நிக்கலைன்னா பிள்ளை இங்கயே இருக்கட்டும்."

நிறுத்திக் காட்டுகிறேன் தம்பி என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். நிற்காவிட்டால் என்னோடுதானே இருப்பாள்? இது அவர் போன பிறகுதான் புத்தியில் உறைத்தது. என் வாய்க்கு எப்போதும் அவசரம்.

ஜனவரி 24

ஆனாலும் இது ஏன் நடக்கிறது? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். பகலில் ஒரு சொட்டுத் தப்பாது. வாவிக்கரை சுற்றி வந்தாலும் அடக்கிக்கொண்டு வருவாள். படுத்தால் மட்டும் என்ன வருகிறது?

அவளையே கேட்டேன். அடிப்பேனோ என்று முதலில் என் கையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நான் எந்திரிச்சு கொல்லைக்குப் போயிட்டுத்தான் இருந்தேன் பெரியம்மா. குந்தினப்புறம் பாத்தா பாய்ல இருக்கேன்."

கனவில் கொல்லைக்குப் போகிறாள்! திட்ட வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒழுங்காகத்தான் போகிறாள், இடம்தான் மாறிவிடுகிறது.

ஜனவரி 29

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா ஸ்டோரில் கோப்பி பொறுக்குகிறவள். ஊரில் எல்லாருக்கும் வைத்தியம் சொல்வாள். இது குளிர்ச்சி உடம்பு என்றாள். கண்டிப் பனி எலும்புக்குள் இறங்கிவிட்டதாம். உடம்பில் சூடு ஏறினால் ஈரம் தானாக வற்றுமாம், களத்தில் கோப்பி வற்றுகிற மாதிரி. அந்திக்கு ஒரு செம்பு சுக்குக் கோப்பி, கருப்பட்டி போட்டு, கொதிக்கக் கொதிக்கக் கொடுக்கச் சொன்னாள்.

நாங்கள் விளக்கு வைத்ததும் கோப்பி குடிக்கிறவர்கள்தான். கிளறன்ஸ் கொண்டுவரும் உடைசல் கோப்பிக்குக் குறைவில்லை. பிள்ளைக்கு இதுவரை அரைக் கோப்பை கொடுத்தோம். இனி ஒரு செம்பு. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

பெப்ரவரி 5

சூடு ஏறியது எனக்குத்தான். பாய் முன்னைவிட ஈரம்.

பெப்ரவரி 13

சேப்பங்கிழங்கை நிறுத்திப் பார்த்தேன். ரசத்தை நிறுத்திப் பார்த்தேன். தலைமாட்டை மாற்றினேன். வளர்பிறையா தேய்பிறையா என்றுகூடப் பார்த்தாயிற்று. மழை நாளில் நனைக்கிறாள், மழை விட்டாலும் நனைக்கிறாள். பேச்சியம்மா சூடு பத்தவில்லை என்கிறாள். சுக்கைக் கூட்டினேன், செம்பையும் நிறைத்தேன்.

கிளறன்ஸ் சிரிக்கிறார். "பிள்ளையை ஸ்டோர்ல பதம் பாக்கிற மாதிரி பாக்கிறியே ஐரின்." பார்க்காமல் எப்படித் தெரியும்?

பெப்ரவரி 26, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பலோடு வந்து கிளறன்ஸ் தவக்கால ஒறுத்தலை அறிவித்தார். போன வருடம் சுருட்டை விட்டார். இந்த வருடம் கோப்பி. பாஸ்கு வரை இந்த வீட்டில் கோப்பி காய்ச்சக் கூடாது, யாருக்கும். பகல் முழுக்கக் கோப்பி மூட்டைகளுக்கு நடுவில் இருக்கிற மனுஷனுக்கு அது பெரிய தியாகந்தான். என்னைக் கேட்டாரா? இல்லை.

அப்போ பிள்ளையின் மருந்து? அதை அந்தோனியார் பார்த்துக்கொள்வார் என்றார். சரி, அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டேன்.

மார்ச் 4

பாய் காய்ந்திருந்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். முகர்ந்தும் பார்த்தேன்.

மார்ச் 19

இடையில் ஒரு நாள் தப்பியது. மற்றபடி காய்ந்த பாய்தான். பெற்றி காலையில் எழுந்ததும் அதைச் சுருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிற்கிறாள். அந்தோனியாருக்குத் திரி கொளுத்தியாயிற்று. கிளறன்ஸ் தன் ஒறுத்தலின் பலன் என்று சொல்லித் திரிகிறார். பேச்சியம்மா தன் சுக்கு இப்போதுதான் வேலை செய்கிறது என்கிறாள்.

எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் ஏன் சோறு இறங்கவில்லை? ஹென்றி பாஸ்கு முடிந்து வருவார். காய்ந்த பாயைக் காட்டினால் பிள்ளையைக் கொடுக்க வேண்டும். இது தெரிந்தும் தினம் காலையில் பாயைத் தொட்டுப் பார்க்க ஓடுகிறேன். என்ன சென்மமோ நான்.

ஏப்ரல் 14

நேற்றுப் பாஸ்கு. இறைச்சி, பலகாரம், கிளறன்ஸ் தன் கையால் காய்ச்சிய கோப்பி. பிள்ளையும் ஆசையாக ஒரு செம்பு குடித்தாள். இன்று காலை பாய் நனைந்து கிடந்தது. பெற்றி மூலையில் நின்று அழுதாள்.

அந்தோனியார் பாஸ்குக்கு விடுமுறையில் போய்விட்டாரா? என்னால் நம்ப முடியவில்லை. நேற்று வந்தது என்ன, தவக்காலத்தில் இல்லாதது என்ன? இறைச்சி. பலகாரம். கோப்பி. இந்த மூன்றில் ஒன்றுதான்.

ஏப்ரல் 17

மிச்ச இறைச்சியும் பலகாரமும் கொடுத்தேன், கோப்பி கொடுக்கவில்லை. காய்ந்தது. நேற்று வெறும் சோறும் கோப்பியும். நனைந்தது.

ஈரத்தை வற்ற வைக்கிறோம் என்று நாங்களே செம்பு செம்பாக ஊற்றியிருக்கிறோம்! வேலியருகே பேச்சியம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். கோப்பி சூடு இல்லை, அதுதான் திருடன், அந்திக்குக் குடித்தால் பிள்ளைக்கு நிற்காது என்று. ஏகத்துக்குக் கோபம் அவளுக்கு. தன் பிள்ளைகள் எல்லாம் அதைக் குடித்துத்தான் வளர்ந்தார்களாம். பெற்றி என் சேலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்டுபிடித்துவிட்டேன். துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அரிசி களையும்போதுதான் சனிக்கிழமை ஹென்றி வருகிறார் என்பது ஞாபகம் வந்தது.

ஏப்ரல் 19

ஹென்றி வந்துவிட்டார். ராத்தங்கி, நாளைக் காலையில் பாயைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம்.

விளக்கு வைத்துவிட்டுக் கோப்பி காய்ச்சினேன். ஒரு செம்பு போதும். ஒரே ஒரு செம்பு. யாருக்கும் தெரியாது, கிளறன்சுக்குக்கூட. நான் பொய் ஒன்றும் சொல்ல வேண்டாம். பிள்ளை தாகம் என்று கேட்டாள், கொடுத்தேன், அவ்வளவுதான். செம்பை அவளிடம் நீட்டியும் விட்டேன். அவள் கையை நீட்டவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

நாளைக்குக் காலையில் அப்பா முன்னால் நனைந்த பாயோடு இந்தப் பிள்ளை நிற்க வேண்டும். அதுவும் நான் வைத்த வேலையால். ஐயோ, என்னால முடியல. நானே குடிச்சிட்டேன். ஒரு சொட்டு விடாம.

ஏப்ரல் 20

காய்ந்த பாய். ஹென்றிக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, தங்கை இருந்திருந்தாலும் இப்படிப் பார்த்திருக்க மாட்டாள் என்றார்.

"அந்திக்குக் கோப்பி மட்டும் குடுக்காதீங்க தம்பி. திரேசம்மாகிட்டயும் சொல்லிருங்க" என்றேன்.

மாட்டுவண்டியில் ஏறும்போது பெற்றி அழவில்லை. தான் சுருட்டிய பாயைத் தானே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பெரியம்மா, அங்கயும் நனைச்சா?" என்று கேட்டாள். நனைக்க மாட்டாய் ராசாத்தி, கோப்பி குடிக்காவிட்டால் நனைக்க மாட்டாய் என்றேன். தலையை ஆட்டினாள்.

ஏப்ரல் 28

வேலி வெறுமையாக இருக்கிறது. பேச்சியம்மா தன் சேலைகளைக் காயப்போடலாமா என்று கேட்டாள். முடியாது என்று வள்ளென்று விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்தாள்?

மே 12

மழை.

மே 31

இன்று நடுப்பகலில் வாசலில் மாட்டுவண்டி. ஹென்றி இறங்கினார், பின்னாலேயே பெற்றி, பாயோடு.

போன நாளிலிருந்து தினமும் நனைக்கிறாளாம். திரேசம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லையாம், துவைத்துத் துவைத்துப் பார்த்தாளாம். இப்போது அவள் வயிற்றிலும் ஒரு பிள்ளை, மாதமும் ஏறிக்கொண்டு போகிறது, ஒரே அறை, மலை மழையில் எதுவும் காய்வதில்லை. ஹென்றி குனிந்த தலையோடு நின்றார்.

கோப்பி கொடுத்தீர்களா என்று முதல் வேலையாகக் கேட்டேன்.

"சத்தியமா ஒரு சொட்டு குடுக்கல அக்கா. திரேசம்மா வீட்டுலயே காய்ச்சுறதை விட்டுட்டா. பிள்ளை உங்ககிட்டயே இருக்கட்டும். நான் மாசாமாசம் வந்து பாத்துக்கிறேன்."

அவர் வண்டி திரும்பிப் போன பிறகும் எனக்கு மண்டை குடைந்தது. கோப்பி இல்லை. பிறகு எது? மலைக் குளிரா? இடம் மாறியதா? பேச்சியம்மா சொன்னதுதான் சரியோ? என் கண்டுபிடிப்பு பொய்யாகிவிட்டதே என்ற வருத்தம் ஒரு பக்கம். பிள்ளை வந்த சந்தோஷம் மறுபக்கம். வருத்தத்தை எவ்வளவு தேடியும் அகப்படவில்லை.

ஜூன் 1

பாய் காய்ந்திருக்கிறது.

சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள், பழையபடி. மடியில் உட்கார வைத்துக் கேட்டேன். அங்கே மட்டும் ஏன் அப்படி?

என் காதில் வாயை வைத்துச் சொன்னாள்.

"அந்திக்கு தோட்டத்து ஆளுங்க இருக்கிற லயத்துப் பக்கம் விளையாடப் போவேன். யார்கிட்டக் கேட்டாலும் கோப்பித் தண்ணி குடுப்பாங்க பெரியம்மா. கருப்பட்டியே போட மாட்டாங்க. ஒரே கசப்பு. மூக்கைப் பொத்திக்கிட்டுக் குடிச்சேன்."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். கிளறன்ஸ் உள்ளேயிருந்து என்ன சத்தம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

ஹென்றியிடம் இதைச் சொல்லத்தான் வேண்டும். பெற்ற தகப்பன். திரேசம்மாவும் பாவம், எத்தனை நாள் துவைத்தாளோ. கட்டாயம் சொல்லிவிடுவேன். இப்போது மழைக்காலம், வத்தேகமைப் பாதையெல்லாம் சேறு. மழை விடட்டும்.