எட்டு அங்குலத்தில் என் கைகள்

2024 ஓகஸ்ட் 5, திங்கள்

பால் சேகரிப்பு நிலையத்தில் காலைப் பால் எடுத்து முடிந்ததும் மனேஜர் கூப்பிட்டுக் கடிதத்தைத் தந்தார். தெரிவாகிவிட்டேன். கண்டிப் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறு மாதம். பால் பரிசோதனை, தயிர், சீஸ் எல்லாம் பழக்குவார்களாம். செப்டம்பர் முதலாம் திகதி அங்கே நிற்க வேண்டும். மாதம் ஒரு தடவைதான் வீடு. முடித்துவிட்டு வந்தால் வேலை நிரந்தரம். ஏழு வருடமாக ஊராருடைய பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கும் தற்காலிக ஆளாகவே இருந்துவிட்டேன். சந்தோஷத்தில் இரண்டு பேருடைய பாலை அளக்காமலே ஒரே கானுக்குள் ஊற்றிப் பேச்சும் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னேன். பிட்டுக் குழலைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"நல்ல விசயம்தான் பிள்ளை. ஆனா நீ போனா இவனோட ஆர் கதைக்கிறது?"

அதுதான். இவருக்கு, என் புருசனுக்கு, பிறவியிலேயே காது கேட்காது. மாமிக்குச் சாப்பாடு, குளிப்பு, மழை, காசு என்று ஒரு இருபது சைகை தெரியும். தச்சுப் பட்டறையில் உள்ளவர்கள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவதோடு சரி. இவர் முழுதாகக் கதைப்பது இந்த வீட்டில், ஏன், இந்த ஊரிலேயே, என்னோடு மட்டும்தான்.

ஓகஸ்ட் 6, செவ்வாய்

இவரிடம் கடிதத்தைக் காட்டினேன். "போம்" என்றார். உடனே. கையில் இருந்த தேத்தண்ணியைக்கூட வைக்காமல் ஒற்றைக் கையால்.

(இவர் கையால் சொல்வதை வாயால் சொன்ன மாதிரித்தான் இந்தக் கொப்பியில் எழுதுவேன். கைப்பேச்சில் 'நீர்', 'நீங்கள்' என்ற வித்தியாசம் இல்லை, விரலை நீட்டினால் முடிந்தது. நான் புருசனை விரல் நீட்டிக் கதைப்பது மாமிக்கு இன்றைக்கும் ஒரு மாதிரித்தான்.)

ஒரு நிமிடமாவது "போகாதையும்" என்று சொல்லியிருக்கலாமே? விசர் மனுசன். நான் போவதற்கு இப்படியா அவசரப்படுவது?

ஓகஸ்ட் 8, வியாழன்

எல்லோரும் சொல்வது, மெசேஜ் எழுதலாமே என்று. இவருக்கு எழுத்துத் தமிழ் வேறு ஒரு மொழி மாதிரி. போன வருடம் பெரியம்மாவின் செத்தவீட்டுக்கு முள்ளியவளையில் மூன்று நாள் நின்றேன். "பஸ் நாளை வா" என்று அனுப்பினார். பஸ் வருமா, நான் வர வேண்டுமா, தான் வரப்போகிறாரா? இவர் பக்கத்து வீட்டுப் போனில் வீடியோ கோல் எடுத்தால் ஒரு கையில் போன், மற்றக் கையால் பேச்சு. பாதிச் சொற்கள் இரண்டு கையும் கேட்பவை. திக்கித் திக்கிப் பேசும் கொன்னைக்காரர்கள் இரண்டு பேர் கதைத்த மாதிரி இருந்தது.

எங்களிடம் நல்ல போன் என்னுடையது ஒன்றுதான். இன்னொன்று வாங்கத்தான் வேண்டும். கிளிநொச்சி டவுனில் போன் கடை வைத்திருக்கும் பிரதாபன் அண்ணாவிடம் கேட்டேன். பெரியம்மாவின் மகன்தான். போன் எடுக்கிற விலைக்கு ஒரு சின்ன டெப் எடுக்கலாம் என்றார். எட்டு அங்குலத் திரை.

"பாடக் குறிப்பும் பெரிய எழுத்தில வாசிப்பாய். விலை குறைஞ்ச சாமான், பெரிசா எதிர்பார்க்காதை. பத்து நாள் வைச்சுப் பார். சரிவராட்டிக் கொண்டு வா."

ஓகஸ்ட் 10, சனி

டெப் வீட்டுக்கு வந்துவிட்டது. மாமி சேலைத் தலைப்பால் ஒருக்கால் துடைத்துப் பார்த்துவிட்டு, "உது பெரிய போனோ, சின்ன ரீவியோ?" என்றார்.

தட்டினால் ஒரு மூச்சு விட்டுத்தான் திறக்கிறது. குறிப்புகள் கண்ணுக்குச் சுகமாக இருக்கின்றன. கண்டிக்கு நான் கொண்டுபோவது டெப், என் போன் இவரிடம் என்று முடிவு. படிக்கப் போகிறவளுக்குத்தானே பெரியது.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

முதல் பரீட்சை. நான் டெப்போடு வாய்க்கால் வரம்பில். இவர் போனோடு குசினியில். போனை அரிசி டின்னில் சாத்தி வைத்திருக்கிறார். பத்து நிமிடமும் நான் பார்த்தது இவருடைய நாடியும் கூரைத் தகரமும்தான். சிரித்துச் சிரித்து வாய்க்காலுக்குள் விழப் பார்த்தேன்.

பின்னேரமே பட்டறையில் இருந்து இரண்டு பலகைத் துண்டு கொண்டுவந்து தாங்கி செய்யத் தொடங்கிவிட்டார்.

ஓகஸ்ட் 13, செவ்வாய்

இது மூன்றாவது தாங்கி. எங்கள் கதிரைகளுக்கே இவ்வளவு பொலிஷ் போட்டதில்லை.

ஓகஸ்ட் 14, புதன்

நேற்றும் இன்றும் பின்னேரப் பால் முடிய நிலையத்தில் இருந்தே கோல் எடுத்தேன். எவ்வளவு வடிவாகத் தெரிகிறது! ஒவ்வொரு விரலும் தெரிகிறது. போனில் எறும்பு அளவில் பார்த்த மனுசனை முழங்கை வரைக்கும் பார்க்கிறேன். நான் சொன்னதற்கெல்லாம் ஓம், ஓம் என்று தலையாட்டினார். சிரித்தார். கன்றுக்குப் பூச்சி மருந்து கொடுக்கச் சொன்னேன், அதற்கும் ஓம்.

இது போதும். டெப் எனக்குச் சரி. நாளைக்குப் பிரதாபன் அண்ணாவுக்குச் சொல்லிவிடலாம்.

இவரைவிட்டு ஆறு மாதம் இருக்க முடியும் என்று இன்றைக்குத்தான் முதல் தடவையாக நம்பினேன்.

ஓகஸ்ட் 15, வியாழன்

எழுத மனமில்லை. ஆனால் எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

காலையில் பார்த்தால் கன்றின் மருந்துப் போத்தல் உடைக்காமல் அப்படியே இருக்கிறது. ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். "எந்த மருந்து?" என்றார்.

வேலையில் முழு நாளும் அதுவே மண்டைக்குள் நின்றது. இவர் கடைக்காரரிடம், வங்கியில், கிராம சேவகரிடம் எல்லாம் எப்படி நிற்பார் என்று எனக்குத் தெரியும். அவர்கள் வாயை அசைப்பார்கள். இவருக்கு ஒன்றும் விளங்காது. சிரித்துக்கொண்டு தலையாட்டுவார். கெதியாக முடிந்தால் போதும் என்ற ஒரு தலையாட்டு. கலியாணம் கட்டி ஏழு வருடத்தில் எனக்கு ஒருநாளும் அந்தத் தலையைக் காட்டியதில்லை.

பின்னேரம் கோல் எடுத்தேன். முகத்தை ஒன்றும் மாற்றாமல், "மாமி தென்னை மரத்தில ஏறி இருக்கிறா. இறங்க மாட்டாவாம். உங்களை ஒரு கான் பாலுக்கு வித்துப்போட்டன்" என்று சொன்னேன்.

சிரித்தார். ஓம் என்று தலையாட்டினார்.

பால் கான்களுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதேன். நானும் கடைக்காரி ஆகிவிட்டேனா?

ஓகஸ்ட் 16, வெள்ளி

கேட்டேன். நேராகவே கேட்டேன். ஏன் எனக்குப் பொய்த் தலை ஆட்டினீங்கள்?

இவர் போனைத் தூக்கிக் காட்டினார். "உம்மட கை புகை மாதிரித் தெரியுது. முகம் மட்டும் தெரியும். நீர் சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சீர். விளங்கேல்லை எண்டு சொன்னா நீர் போகமாட்டீர்."

"போகமாட்டன்தான். டெப்பைக் குடுத்துப்போட்டு வாறன். கடிதத்தையும்."

இவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குமேல் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. காது கேட்கிறவர்கள் சண்டையில் கதவைச் சாத்துவார்கள், இவர் கண்ணைச் சாத்துவார். தோளைப் பிடித்து உலுக்கினேன், திறக்கவில்லை. "என்ன சொல்லுறான், என்ன சொல்லுறான்?" என்று மாமி எங்கள் இரண்டு பேரையும் சுற்றிச் சுற்றி வந்தார். என்னத்தைச் சொல்ல? இந்த மனுசனில் எனக்கு இருக்கிற அன்புக்கும் பட்சத்துக்கும் ஒரு அளவு இல்லை, அதுதான் இவ்வளவு கோபம்.

ஓகஸ்ட் 17, சனி

திருப்பிக் கொடுக்க டெப்பைப் பெட்டிக்குள் வைத்தேன். வைத்த பிறகு மனம் கேட்கவில்லை. இவர் பார்த்த புகை எப்படி இருக்கும் என்று நானும் ஒருக்கால் பார்க்க வேண்டும்போல இருந்தது. டெப்பை இவர் கையில் கொடுத்து நிலையப் பக்கம் அனுப்பிவிட்டு, நான் குசினியில் இவருடைய இடத்தில், போனுக்கு முன்னால் இருந்தேன்.

தெரிந்தார். முகம் இருந்தது. கை அசையும்போது விரல்களே இல்லை. அடுப்பு ஊதும்போது வருகிற மாதிரி ஒரு மங்கல். இதைப் பார்த்துக்கொண்டா மூன்று நாள் சிரித்தார்?

உடனே பிரதாபன் அண்ணாவுக்கு கோல் எடுத்தேன். "விலை குறைஞ்சதில முன் கமராவிலதான் முதல் கை வைப்பாங்கள். உன்ர போனில நல்ல கமரா. டெப்பில பார்க்கிற கண்ணாடி பெரிசு, அவ்வளவுதான்" என்றார்.

அப்போதுதான் விளங்கியது, எவ்வளவு பெரிய முட்டாள் நான். நல்ல கமரா இவரை எனக்குக் காட்டியது. பெரிய கண்ணாடியும் என்னிடமே. கூடாத கமராதான் என் கையை இவருக்குக் கொண்டுபோனது. கேட்க வழி இருக்கிறவள் எல்லா நல்லதையும் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டு, டெப் எனக்குச் சரி என்று கொப்பியில் வேறு எழுதி வைத்திருக்கிறேன்.

மாற்றிப் பார்த்தோம். டெப் இவருக்கு. போன் எனக்கு. நான் வாய்க்கால் வரம்பில் நின்று, மாமி தென்னையில் ஏறிய கதையைத் திரும்பவும் சொன்னேன்.

இவர் டெப்பையும் விட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடிப்போய்த் தென்னையை அண்ணாந்து பார்த்தார்.

ஓகஸ்ட் 18, ஞாயிறு

இன்றைக்கு முழுக்க வாக்குவாதம். படிக்கப் போகிறவருக்குத்தான் டெப் வேண்டும் என்று இவர். சின்னப் போனில் பாடம் வாசித்தால் கண் பழுதாகிவிடும் என்கிறார். நான் பிரின்ட் எடுத்து வாசிப்பேன் என்றேன். "நான் உமக்குப் புகையாத் தெரிவன்" என்றார். தெரியட்டும். ஏழு வருடம் பார்த்த தோள், இவர் என்ன சொல்ல வருகிறார் என்று கை எழும்ப முதலே பாதி தெரியும். கலங்கல் எனக்கு இருக்கட்டும்.

பின்னேரங்களில் வேண்டாம், காலை ஆறரைக்கு, முற்றத்தில், வெயில் முகத்தில் படுகிற மாதிரி. அப்போது இரண்டு பக்கமும் தெளிவு கூடும். இவருக்குப் பின்னால் திரையாகக் கட்ட மாமி வெள்ளை வேட்டி ஒன்று எடுத்துத் தந்தார். கலியாண வேட்டி. மாமாவுடையது.

ஒரு சட்டமும் போட்டேன். விளங்காவிட்டால் கை உயர்த்த வேண்டும். சிரித்தால் அடி.

ஓகஸ்ட் 31, சனி

பெட்டி கட்டியாயிற்று. இரவு முழுக்கக் கதைத்தோம், விளக்கை அணைக்கவே விடவில்லை. "போகாதையும்" என்று கடைசியில் சொன்னார். சொல்லிவிட்டு, "சும்மா சொன்னனான், போம்" என்றார். இதற்காகத்தானே ஒரு மாதமாகக் காத்திருந்தேன். ஆனாலும் போகிறேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

குளிர். இரண்டு போர்வை. காலை ஆறரைக்கு விடுதி வராந்தாவில் போனைச் சாத்தி வைத்துக் கதைத்தேன். இவர் மங்கலாகத்தான் தெரிந்தார். ஏழு தடவை கை உயர்த்தினார், எண்ணினேன். நான் ஒன்பது தடவை உயர்த்தினேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

மழை. சிக்னல் இல்லை. அழுதேன். வேறு என்ன எழுத.

செப்டம்பர் 12, வியாழன்

இன்று காலை நல்ல சண்டை.

மாமிக்குப் பிரஷர் கிளினிக் வியாழன். நேற்றே, புதன்கிழமையே, கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். மாமி வெயிலில் ஒன்றரை மணித்தியாலம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாவாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வியாழன் என்று சொன்னேனே, ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு விளக்கமாகச் சொன்னேனே, கவனிக்காமல் என்னத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தீங்கள் என்று இரண்டு கையாலும் கொட்டித் தீர்த்தேன்.

"இல்லை" என்றார். "புதன் எண்டுதான் சொன்னீர்."

"வியாழன்."

"புதன். பச்சைச் சட்டை போட்டிருந்தனீர். புதன் எண்டு சொல்லிப்போட்டு மயிரை ஒதுக்கினனீர். பிறகு காலமை எட்டு மணிக்கு எண்டு சொன்னீர். நடுவிரலில மைக்கறை இருந்தது." மங்கலுக்குள் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து வைக்கிறார். "உம்மட கை பிழை விட்டது. என்ர கண் விடேல்லை."

நான் விடவில்லை. இவரும் விடவில்லை, ஒரு தடவைகூடப் பொய்யாகத் தலையாட்டவில்லை. வெள்ளை வேட்டிக்கு முன்னால் தோள் இரண்டும் ஏறி இறங்க, பக்கத்து வீட்டு வடிவம்மா அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்க, இருபது நிமிடம். பிறகு யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் புதன் பரீட்சை என்ற பயம். தலைக்குள் புதன் புதன் என்றே ஓடிக்கொண்டிருந்தது. சொல்லித்தான் இருப்பேன்.

பிழை என்னுடையது என்று சொன்னேன். உடனே விடுவாரா? திரும்பச் சொல்லச் சொன்னார், சொன்னேன். இன்றைக்கு மாமியை ஏழரைக்கே கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டு, ஒரு முறை முறைத்துவிட்டு எழும்பிப் போனார்.

அறையில் என்னோடு இருக்கும் நிரோஜா, பூவரசங்குளத்துப் பிள்ளை, வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"என்னக்கா, விடியக் காலமையே சண்டையோ?"

"ஓம்" என்றேன். "தோத்துப்போனன்."

முகம் முழுக்கச் சிரிப்பு, அடக்கவே முடியவில்லை. வகுப்புக்குப் பத்து நிமிடம் பிந்தித்தான் போனேன்.